வாரியத்துக்குச் சொந்தமான ஐஸ்

சாவிக்காரர் வீட்டு ஃப்ரீசரின் கதவு பல வாரங்களாக மூட மறுத்துக்கொண்டுதான் இருந்தது. முழங்காலால் தள்ளியும், முதுகால் அழுத்தியும், நாற்காலியைச் சாய்த்து முட்டுக்கொடுத்தும் சமாளித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலியும் வழுக்கி விழுந்தது. இனி ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கணவனும் மனைவியும் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

சாவிக்காரர் என்பது அவருடைய தொழில். குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் கிடைத்த ஆறடி இடத்தில் பூட்டு பழுது பார்ப்பார், மாற்றுச் சாவி அறுத்துக் கொடுப்பார். அவர் கைக்கு வந்து திறக்காமல் திரும்பிப் போன பூட்டு கிடையாது. ஆனாலும் சொந்த வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அப்படி ஒரு சாது.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. ஐந்து மாதக் குழந்தை பகலெல்லாம் அப்பாவின் கடையில், மடக்குத் தொட்டிலில், ரம்பம் இரும்பை அறுக்கும் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கும். டின் பால் கொடுத்தால் குடித்த வேகத்திலேயே கக்கிவிடும். ஆகவே அம்மா தன் பாலைப் பீய்ச்சி, உள்ளங்கை அளவுப் பைகளில் ஊற்றி, தேதி எழுதி ஃப்ரீசரில் உறைய வைத்துவிடுவாள். அன்றாடத் தேவை போக நாளொன்றுக்கு ஒரு பையாவது மிச்சம் பிடித்து மூன்றாவது இழுப்பறையில் அடுக்கிவந்தாள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எட்டு நாள் அவளை வெளியூர் மருத்துவ முகாமுக்கு அனுப்பப்போகிறார்கள். அந்த எட்டு நாளுக்கும் குழந்தைக்குச் சோறு அந்த இழுப்பறைதான். நாற்பது பைகள் சேர்ந்திருந்தன.

இப்போது அந்த இழுப்பறை ஐஸில் புதைந்துவிட்டது. சுற்றிலும் நான்கு விரல் கனத்துக்கு வெள்ளைச் சுவர். இழுத்தால் கைப்பிடிதான் கையோடு வரும்போல் இருந்தது.

மனைவி சொன்னாள்: "பெரிய வேலை ஒண்ணும் இல்லீங்க. மத்த சாமான எடுத்து வெளிய வெச்சிட்டு, பிளக்கப் பிடுங்கி, கதவத் தொறந்து போடுங்க. உள்ள ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி வெச்சா ரெண்டு மணி நேரத்துல எல்லாம் உதிர்ந்துடும். கீழ பழைய துணிய விரிச்சிடுங்க. கத்திய மட்டும் உள்ள விடாதீங்க."

சாவிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஃப்ரீசரின் பின்பக்கம் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

பிளக்கையும் சுவரில் இருந்த சாக்கெட்டையும் சேர்த்து ஒரு மெல்லிய கம்பி சுற்றியிருந்தது. கம்பி முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஈய முத்திரை. அதில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தது: 'வாரியச் சொத்து. முன் அனுமதியின்றி இணைப்பைத் துண்டிப்போர் நடவடிக்கைக்கு உள்ளாவர்.'

அந்த வீடு குடியிருப்பு வாரியத்தினுடையது. குடிவரும்போதே சமையலறையில் அடுப்பு மேடையைப் போல ஃப்ரீசரும் இருந்தது. இலவசமாக வந்த பொருளின் பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள்?

அந்தக் கம்பியை அறுக்க அவருக்கு இரண்டு விநாடி போதும். அதனாலேயே பயந்தார். கடைச் சுவரில் மாட்டியிருந்த தொழில் உரிமத்தின் முதல் நிபந்தனையே, வாரியத்தின் பூட்டையோ முத்திரையையோ தொட்டால் உரிமம் ரத்து என்பதுதான். ஒரு சமையல்காரர் அதை அறுத்தால் தெரியாமல் செய்துவிட்டார் என்பார்கள். சாவிக்காரர் அறுத்தால் தொழில் செய்துவிட்டார் என்பார்கள்.

"நாளைக்கு ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்," என்றார். கதவை அகல டேப்பால் ஒட்டினார்கள். உள்ளே மோட்டார் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார். பராமரிப்புப் பிரிவில் கேட்டதற்கு, இரண்டாம் மாடியில் உறைபனிப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அப்படி ஒரு பிரிவு இருப்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர்ப் பிரிவில் ஒரே ஒருவர்தான், அவரும் விடுப்பில் இருந்தார். உறைபனிப் பிரிவில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். அங்கே மின்விசிறி ஓடவில்லை.

பிரிவின் எழுத்தர் அவர் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். முதல் வரியிலேயே பேனாவை ஊன்றினார். 'ஐஸை நீக்குவதற்கு' என்று எழுதியிருந்தது தவறு. நீக்கம் என்றால் சொத்து இழப்பு, சொத்து இழப்பு என்றால் விசாரணை. 'உறைபனி மறுசீரமைப்பு' என்று எழுத வேண்டும் என்றார்.

"சார், அது வெறும் ஐஸ்தானே," என்றார் சாவிக்காரர்.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "ஃப்ரீசர் யாருது?"

"வாரியத்துது."

"மாடு ஒருத்தருது, அது போடற கன்னு இன்னொருத்தருதா?"

சாவிக்காரர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். எழுத்தருக்கு அவர்மேல் லேசாக இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி விளக்கினார்.

"இந்தக் குடியிருப்பு கட்டி பதினாலு வருஷம் ஆச்சு. லிஃப்ட் இன்னும் வரல. மேல் தொட்டியில வெடிப்பு. படிக்கட்டுல கைப்பிடி இல்ல. ஆனா ஆண்டறிக்கையில 'வளர்ச்சி'ன்னு ஒரு பக்கம் இருக்கு பாருங்க, அத வெத்தா விட முடியுமா? வருஷா வருஷம் தவறாம வளர்றது எங்ககிட்ட இது ஒண்ணுதான். போன வருஷம் சராசரி ஒரு விரல் ஏறியிருக்கு. தலைவர் அத மேடையில வாசிச்சப்ப எவ்வளவு கைத்தட்டல் தெரியுமா? நீங்க வந்து அதக் கரைக்கணும்கறீங்க."

பிறகு படிவம் கொடுத்தார். பன்னிரண்டு பக்கம். உறைபனி தோன்றிய தேதி, தோன்றியபோது உடனிருந்தவர்கள், உறைபனியால் விண்ணப்பதாரர் இதுவரை அடைந்த நன்மைகள் என்று கேள்விகள் நீண்டன. கடைசியில், கீழ்வீட்டுக்காரரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் இணைக்க வேண்டும். மேலே ஐஸ் உருகினால் கீழே சொட்டக்கூடும் அல்லவா.

கீழ்வீடு ஆறு வருடமாகக் காலி என்று சாவிக்காரர் சொன்னார்.

"அப்ப இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்," என்றார் எழுத்தர். "இருக்கறவங்கன்னா வாயத் தொறந்து சொல்லிடுவாங்க."

ஆகவே காலி வீட்டின் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டி, ஏழு நாள் காத்திருந்தார்கள். வீடு ஆட்சேபிக்கவில்லை. ஏழாம் நாள் எழுத்தரே நேரில் வந்து, மூன்று முறை தட்டி, காதை வைத்துக் கேட்டு, 'மௌனம் சம்மதம்' என்று குறிப்பெழுதிக்கொண்டு போனார்.

மனைவி தினமும் சாயங்காலம் வந்ததும் முதலில் குழந்தையைப் பார்ப்பாள், அடுத்து ஃப்ரீசரைப் பார்ப்பாள். குழந்தை ஒரு சுற்றுப் பெருத்திருந்தால் ஐஸ் இரண்டு சுற்றுப் பெருத்திருக்கும். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். ஒன்றும் கேட்காமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி உண்டு. அது சாவிக்காரருக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் வாரம் அளவையாளர் வந்தார். தோள்பையில் எஃகு அளவுகோல், கம்பளிக் கையுறை, தடித்த பதிவேடு. டேப்பைப் பிய்த்துக் கதவைத் திறந்தவர், பக்தர்போலக் கைகளைக் குவித்தார்.

"நல்லா வளர்த்திருக்கீங்க," என்றார். "இந்த பிளாக்லயே இப்படி ஒண்ண நான் பார்த்ததில்ல."

பதினோரு இடத்தில் அளந்தார். ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை அளந்தார். முக்கால் மணி நேரம் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அறையின் ஈரக்காற்றெல்லாம் உள்ளே போய் உறைந்ததில், அளந்து முடித்தபோது முதலில் அளந்த இடம் மாறியிருந்தது. அவர் மகிழ்ச்சியோடு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு உள்கனம் பார்க்க வேண்டும் என்று பையிலிருந்து ஒரு கூரான இரும்புக் கம்பியை எடுத்தார்.

அன்று மனைவிக்கு விடுமுறை. கையிலிருந்த குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு வந்து ஃப்ரீசருக்கும் அளவையாளருக்கும் நடுவில் நின்றாள்.

"உள்ள குழாய் இருக்கு. குத்தினீங்கன்னா கேஸ் போயிடும். அப்புறம் இது ஃப்ரீசர் இல்ல, பீரோ."

அளவையாளர் மனமில்லாமல் கம்பியைப் பைக்குள் வைத்தார். ஆனால் அவள் வந்து நின்றதில் அவர் பார்வை இழுப்பறையின் பக்கம் போய்விட்டது. உறைந்த விளிம்பின் வழியே எட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். குழந்தைக்கான பால் என்றார் சாவிக்காரர். விண்ணப்பத்தில் அது இல்லையே என்றார் அளவையாளர். யாருடைய பால், எந்த நிறுவனத் தயாரிப்பு என்று பதிவேட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"தயாரிப்பாளர் எதிர்லதான் நிக்கறேன்," என்றாள் மனைவி.

அளவையாளர் காது சிவந்து, 'வகைப்படுத்தப்படாத வெள்ளைப் பொருள், சுமார் நாற்பது' என்று எழுதிக்கொண்டார். போகும்போது ஒரு சான்றிதழை எடுத்துக் கதவில் ஒட்டினார். சிறந்த உறைபனி வளர்ப்புக் குடும்பம் என்று அதில் அச்சடித்திருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "இதப் போய் கரைக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, எப்படிங்க மனசு வருது?" என்று கேட்டார். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

சான்றிதழ் வாங்கிய ஐஸைக் கரைக்க இனி எழுத்தரின் அனுமதி போதாது. மறுசீரமைப்புக் குழு கூட வேண்டும். கூடியது. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் சாவிக்காரர், மடியில் குழந்தை. மூவரில் நடுவில் இருந்தவர் தொழில்நுட்ப உறுப்பினர். அவர் வீட்டில் ஃப்ரீசர் கிடையாது. அதனால் அவருக்கு இதில் எந்தச் சார்பும் இல்லை என்று அறிமுகப்படுத்தினார்கள்.

சாவிக்காரர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஐஸ் குளிர்ச்சி இல்லை, குளிர்ச்சிக்குப் போர்த்திய கம்பளி. அது கனக்கக் கனக்க உள்ளே குளிர் ஏறாது. கதவும் மூடாது. மோட்டார் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடுகிறது, என்றைக்காவது புகைந்துவிடும்.

"நிக்காம ஓடுதா?" என்றார் தொழில்நுட்ப உறுப்பினர்.

"ஆமா சார். ராத்திரி பகலா."

"அப்ப நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு பக்கமும் தலைகள் ஆடின. "தம்பி, நான் முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். ஓடிட்டே இருக்கணும். எதுக்கு ஓடறோம்னு நின்னு பார்த்தா கெட்டது. இந்த வாரியத்தையே எடுத்துக்குங்க. ஒரு நாள் லீவு விட்டிருக்கோமா? ஒரு கூட்டம் தள்ளி வெச்சிருக்கோமா? என்ன நடந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா, எத்தன கூட்டம் நடந்துச்சுன்னு சொல்லுவோம்."

குழந்தை அந்த நேரம் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. குழு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது.

சிரிப்பினாலோ என்னவோ அனுமதி கிடைத்தது. ஆனால் வெறும் அனுமதியாகக் கிடைக்கவில்லை. வாரியத்தின் பதினான்கு வருட வரலாற்றில் இதுவரை யாரும் ஐஸைக் கரைக்க விண்ணப்பித்ததில்லை. மற்றவர்கள் முத்திரையைப் பார்த்ததுமே திரும்பி வந்து நாற்காலியைச் சாய்த்துக்கொண்டார்கள். எனவே இது முன்னோடித் திட்டம். முன்னோடித் திட்டம் என்றால் தொடக்க விழா. தொடக்க விழா என்றால் வாரியத் தலைவர். தலைவருக்கு ஒழிந்த நாள் மாதக் கடைசிச் சனிக்கிழமைதான். மனைவி முகாமுக்குக் கிளம்பவேண்டியது ஞாயிற்றுக்கிழமை.

"பரவாயில்ல," என்றாள் அவள், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு. "காலைல ஒன்பது மணிக்கு வந்தார்னா பதினோரு மணிக்கெல்லாம் முடிஞ்சுடும். பால அந்த நேரம் வெளிய எடுத்துப் பெட்டியில வெச்சுக்கலாம். கல்லு மாதிரி இருக்கறவரைக்கும் கவலையில்ல. முழுசா இளகிடுச்சுன்னா மட்டும் ஒரு நாளைக்கு மேல குடுக்க முடியாது." ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தெர்மகோல் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை வாரியத்து ஆட்கள் வந்து ஃப்ரீசர் கதவில் கொண்டி வைத்து ஒரு பூட்டைத் தொங்கவிட்டார்கள். தலைவர் தன் கையால் திறக்க வேண்டும், அதற்குள் வேறு யாரும் திறந்துவிடக்கூடாது. சாவி தலைவர் வீட்டுக்குப் போனது. பூட்டுக்கு மேலே குறுக்காகச் சிவப்பு நாடா கட்டினார்கள். சாவிக்காரர் பூட்டை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல தச்சன் ஆடுகிற மேசையைப் பார்த்தால் அப்படித்தான் திரும்பிக்கொள்வான்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே விழா தொடங்கிவிட்டது. எட்டடிக்கு ஆறடிச் சமையலறையில் பத்தொன்பது பேர். அடுப்பு மேடைமேல் ஒலிபெருக்கி. வாரியத்தின் மின்பணியாளர் மூன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு ஈய முத்திரையை வெட்டி, பிளக்கைப் பிடுங்கினார். தலைவர் வரும்போது சமையலறையில் மின்சாரம் ஓடக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஒரு மாதமாக நிற்காத மோட்டார் நின்றது. அந்த அமைதி எல்லோருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது.

ஒன்பது ஆயிற்று. தலைவர் வரவில்லை. பத்து ஆயிற்று. ஒரு புகைப்படக்காரர் சன்னலில் ஏறி உட்கார்ந்தார். பத்தரைக்கு, கூட்டம் சலிப்படையாமல் இருக்கத் தொழில்நுட்ப உறுப்பினர் பேசத் தொடங்கினார். குளிர் என்பது என்ன என்று ஆரம்பித்தார். பதினோரு மணிக்கு, அது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்ற இடத்துக்கு வந்திருந்தார். ஃப்ரீசருக்குக் கீழே ஒரு தண்ணீர்க் கோடு தோன்றி அவர் செருப்பை நோக்கி நகர்ந்தது.

மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு எழுத்தரிடம் போனாள். பாலை மட்டுமாவது எடுத்துக்கொள்கிறேன், நாளைக்குக் காலையில் நான் ஊரில் இருக்கமாட்டேன் என்று தணிவாகச் சொன்னாள். எழுத்தர் நாடாவைக் காட்டினார். நாடாவை வெட்டும் கத்தரிக்கோல் தட்டில் இருக்கிறது, தட்டைத் தலைவர்தான் தொடவேண்டும் என்றார். தலைவர் எப்போது வருவார் என்று கேட்டாள். கிளம்பிக்கொண்டே இருக்கிறார் என்றார் எழுத்தர். எட்டரையிலிருந்தே கிளம்பிக்கொண்டிருந்தாராம்.

பன்னிரண்டடிக்கப் பத்து நிமிடம். தண்ணீர்க் கோடு குட்டையாகிவிட்டது. மனைவி கணவனின் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு மாதமாகக் கேட்காத கேள்வியைக் கேட்கப் போகிறாள் என்று சாவிக்காரர் நினைத்தார். அவள் வேறொன்று கேட்டாள்.

"அது எப்படிப்பட்ட பூட்டு?"

"விளையாட்டுப் பூட்டும்மா. உத்துப் பார்த்தாலே தொறந்துக்கும்."

"அப்ப பாருங்க."

சாவிக்காரர் குழந்தையை அவளிடம் கொடுத்தார். சுவரில் மாட்டிய உரிமம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போயிற்று. அதன் பின்னால் நாற்பது பைகளும் அவள் கையெழுத்தில் நாற்பது தேதிகளும் வந்தன. சட்டைப் பையிலிருந்து வளைந்த கம்பி ஒன்றை எடுத்தார். நாடாவைத் தொடாமல் அதற்குக் கீழே கையை நுழைத்தார். கிளிக் என்று சின்னச் சத்தம் கேட்டது. தொழில்நுட்ப உறுப்பினரின் பேச்சு அந்த வாக்கியத்தின் நடுவிலேயே நின்றது. அவருடைய முப்பது வருட அனுபவத்தில் அப்படி நின்றது அதுவே முதல் முறை.

கதவைத் திறந்ததும் நாடா தானாகவே அறுந்தது. நான்கு மணி நேரம் இளகியிருந்த ஐஸ் பாளம் பாளமாகச் சரிந்து, முதல் பாளம் தொழில்நுட்ப உறுப்பினரின் வலது காலில் இறங்கியது. குளிர் என்றால் என்ன என்பது அவருக்குத் தெளிவாகியிருக்க வேண்டும். மூன்றாவது இழுப்பறை வெண்ணெயில் விட்ட கத்திபோல வழுக்கி வெளியே வந்தது. மனைவி ஒவ்வொரு பையாக அழுத்திப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த நான்கு இளகிவிட்டிருந்தன. முப்பத்தாறு கல்லாக இருந்தன. அவள் மூச்சுவிட்டது ஒலிபெருக்கியில் கேட்டது.

முப்பத்தாறையும் பெட்டியில் அடுக்கி, தரையில் கிடந்த ஐஸை அள்ளி மேலே போட்டாள். எழுத்தருக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"அம்மா, அது வாரியத்தோட ஐஸ்."

"தெரியும் சார். அதுக்கு இடமாற்றம் ஆகியிருக்குன்னு எழுதிக்குங்க."

பிறகு நடந்தது வெறும் வீட்டு வேலை. சுடுதண்ணீர்ப் பாத்திரம் உள்ளே போனது. மரக்கரண்டியால் மிச்சத்தைத் தட்டினார்கள். பழைய போர்வைகள் தண்ணீரைக் குடித்தன. ரப்பர் பட்டையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தார்கள். பத்தொன்பது பேரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மாதமாகக் கோப்பில் கிடந்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஃப்ரீசர் உள்ளே இளநீல நிறம் என்பதை அந்த வீட்டில் அன்றுதான் பார்த்தார்கள்.

ஒன்றரைக்குக் கீழே கார் வந்து நின்றது. எழுத்தர் பதறிப்போய் ஃப்ரீசர் கதவைச் சாத்தி, அதே பூட்டைப் பூட்டி, அறுந்த நாடாவை முடிச்சுப் போட்டுக் கட்டினார். லிஃப்ட் இல்லாததால் தலைவர் மூன்று மாடி ஏறிவந்து சேர நேரம் சரியாக இருந்தது.

தலைவர் நாடாவை வெட்டினார். கைத்தட்டல். சாவியை எடுத்தார். நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார். பூட்டுச் சாவிக்குப் பதில் ஏதோ கார் சாவியைக் கொண்டுவந்திருந்தார். தலைவர் சிரித்தபடி சுற்றும் பார்த்து, "இங்க பூட்டுத் தொறக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

பத்தொன்பது பேரும் ஒரே நபரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாவிக்காரர் முன்னால் வந்தார். தலைவர் சொன்னதை எழுத்துமூலம் தரமுடியுமா என்று பணிவாகக் கேட்டார். எழுத்தர் முந்திக்கொண்டு 'வாரியப் பூட்டு, முத்திரை ஆகியவற்றைத் திறக்க அனுமதி' என்று எழுதிக் கொடுத்தார், தலைவர் கையெழுத்திட்டார். மை காய்ந்த பிறகு சாவிக்காரர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு இரண்டாம் முறையாக அந்தப் பூட்டைத் திறந்தார்.

உள்ளே பளிச்சென்று காலியாக இருந்தது.

"ஐஸ் எங்கய்யா?" என்றார் தலைவர்.

எழுத்தர் முன்னால் வந்து கைகட்டினார். "ஐயா வர்றது தெரிஞ்சதும் தானா விலகிடுச்சுங்க."

தலைவர் நம்பினார். தான் வருவது தெரிந்ததும் விலகிக்கொள்ளாத எதையும் அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. ஒலிபெருக்கியை வாங்கிப் பேசினார். "சிலர் நம்மகிட்ட இருந்தது போச்சேன்னு வருத்தப்படலாம். நான் வருத்தப்படல. நாலு விரல் இருந்து அஞ்சு விரல் ஆனா அது சாதாரண வளர்ச்சி. ஒண்ணுமே இல்லாத இடத்துல அரை விரல் வந்துச்சுன்னா? அத எந்த சதவீதத்துலயும் சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய வளர்ச்சி. அதனாலதான் எதையுமே நான் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துட்டு அப்புறம் ஆரம்பிக்கறேன்." கைத்தட்டல் முடிந்ததும் அவரே பிளக்கைச் செருகினார். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி, உள்ளே குளிர் ஏறியதும் நின்றது. பழுதாகிவிட்டதோ என்று தொழில்நுட்ப உறுப்பினர் கவலைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி முகாமுக்குப் போனாள். மறுபடியும் இழுப்பறையில் அடுக்கிய முப்பத்தாறு பைகளையும் சாவிக்காரர் வேளை பார்த்து, வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்கிக் கொடுத்தார். எட்டாம் நாள் மாலை கடைசிப் பையைக் குழந்தை குடித்து முடித்து ஏப்பம் விட்டபோது அவள் வாசலில் நின்றாள். அவர் இளைத்திருந்தார், குழந்தை இளைக்கவில்லை.

அந்த எட்டு நாளில் அவர் கடைக்குக் கூட்டம் அதிகம். முதலில் எதிர்வீட்டுக்காரர் வந்தார். பூட்டு ஒன்று பார்க்கணும் என்றார். என்ன பூட்டு என்றால் சொல்லவில்லை, கண்ணால் மேலே காட்டினார். அடுத்து இரண்டாம் மாடி டீச்சர். அடுத்து பக்கத்துப் பிளாக்கில் நான்கு பேர். சாவிக்காரர் யாருக்கும் முத்திரையை வெட்டித் தரவில்லை. தலைவர் கையெழுத்திட்ட தாளை மட்டும் காட்டி, அதில் எந்த வீடு, எந்தப் பூட்டு என்று எழுதவில்லை என்பதைப் படித்துக் காட்டினார். மற்றதை அவரவர் வீட்டு இடுக்கி பார்த்துக்கொண்டது. மூன்று நாள் குடியிருப்பின் சாக்கடைகளில் ஓடை மாதிரி தண்ணீர் ஓடியது. அந்த மாதம் மழையே பெய்யவில்லை.

ஆண்டறிக்கை வந்தபோது எல்லோரும் 'வளர்ச்சி' பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்கள். உறைபனி என்ற சொல்லே அதில் இல்லை. வாரியத்தின் வடிகால்களில் நீர்வரத்து வரலாறு காணாத அளவு உயர்ந்திருப்பதாகவும், அதைப் பேணிக்காக்க நீர்வளப் பிரிவு என ஒன்று தொடங்கப்பட்டிருப்பதாகவும் போட்டிருந்தது. ஐந்து பேர் அதற்கு மாற்றப்பட்டிருந்தார்கள். அதே ஐந்து பேர்.

ஒருநாள் மதியம் எழுத்தர் சாவிக்காரர் கடைக்கு வந்தார். வேலை விஷயமாக வந்தவர்போலத் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைப் படித்தார். தொட்டிலில் இருந்த குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், தானும் வாரியக் குடியிருப்பில்தான் இருப்பதாகவும், கொஞ்ச நாளாக வீட்டில் ஃப்ரீசர் கதவு மூடுவதில்லை என்றும், நாற்காலி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"விண்ணப்பம் போட்டீங்களா சார்?" என்றார் சாவிக்காரர்.

எழுத்தர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, ரகசியம் சொல்லும் குரலில் சொன்னார்.

"அங்கெல்லாம் போட்டா வேலை நடக்காதுங்க."